நிமியா சிரிக்காத ஞாயிறு

— நான் உள்ளே வரலைண்ணே. நீ போ. நான் இங்கேயே இருக்கேன்.

— கடைசி ஜெபமாலை நடந்துக்கிட்டிருக்கு, நிமியா. கிறிஸ்பின் போய் இன்னிக்கு ஒன்பதாம் நாள். கபியாத்தா ஊரு பூரா இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. நீ மட்டும் மாமரத்தடியில நாற்காலியைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

— நினைக்க வேண்டியதை எல்லாம் நினைச்சாச்சு. நான் வாசல்ல நுழைஞ்சதும் மூணு பொம்பளைங்க ஜெபத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. "முதலீட்டு ஆணையத்துக்காரி வந்திருக்கா"ன்னு ஒருத்தி சொன்னா. மெதுவா சொல்றதா நினைப்பு அவளுக்கு.

— யாரு, முன்பல் போனவளா? அவ என்னையும்தான் திட்டறா, பஸ் டிக்கெட் ஏத்தினதுலேருந்து. கேளு, அவ வாய்க்குப் பயந்தா நான் வண்டியே எடுக்க முடியாது. இந்தா, தெரெரே. ஐஸ் நிறைய போட்டிருக்கேன். புதினாவும் கசக்கிப் போட்டிருக்கு.

— வேண்டாம்.

— இந்த வெயில்ல தெரெரே வேண்டாம்னு சொல்ற ஒரே ஆள் நீதான். நம்ம நாட்டுல இதுக்கே உள்ளே தூக்கிப் போடணும்.

— தொண்டையில இறங்காதுண்ணே. நீ குடி.

— சரி. எனக்கு இறங்குது. எனக்கு எதுவும் இறங்கும், அதான் என் வியாதி. நகரு, அந்த ஸ்டூலை இப்படிப் போடு. நானும் உட்கார்றேன். உள்ளே ஒரே புழுக்கம். மெழுகுவத்தி வேற.

— சத்துர்னீனா எப்படி இருக்காங்க?

— எப்படி இருப்பா, புருஷனைப் பறிகொடுத்தவ. அழலை. வர்றவங்களுக்கெல்லாம் காப்பி ஊத்திக் கொடுத்துக்கிட்டிருக்கா. அழுதா நல்லா இருக்கும்னு என் பொண்டாட்டி சொல்றா. எனக்கு அதெல்லாம் தெரியாது.

— அவரைப் பார்த்தேன்ண்ணே. செத்துப்போறதுக்கு முந்தின வாரம்.

— யாரை, கிறிஸ்பினையா? எங்க?

— தகுவா முதலீட்டுக் கம்பெனி வாசல்ல. நாங்கதானே சீல் வெச்சோம். அதுக்கப்புறமும் ஜனங்க தினம் வந்து நிக்கறாங்க. ஆபீஸ் பூட்டியிருக்கு, உள்ளே ஒரு நாற்காலி கூட இல்லை, ஆனாலும் வர்றாங்க. அன்னிக்கு நான் கணக்குப் பெட்டிகளை எடுத்துட்டு வரப் போயிருந்தேன். கார்லேருந்து இறங்கறப்போ பார்த்தேன். ரெண்டு ஊன்றுகோலையும் அக்குள்ல வெச்சுக்கிட்டு, சுவரோரமா இருந்த கையகல நிழல்ல நின்னார். தலையில ஈரத் துண்டு.

— பேசினியா?

— இல்லை. பின்வாசல் வழியா போனேன்.

— ம்.

— பேசியிருக்கலாம். என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை. ஆனா பேசியிருக்கலாம்.

— நான் தினமும் சொன்னேன், கேளு. "கிறிஸ்பின், வீட்டுல இரு, ரத்தக் கொதிப்பு உனக்கு, நாப்பது டிகிரி அடிக்குது, நீ போய் நின்னா பூட்டு திறந்துக்குமா"ன்னு. என் பஸ்லயே ஏறிப் போவான். நான் டிக்கெட் காசு வாங்க மாட்டேன். வழி பூரா ஒண்ணும் பேச மாட்டான். எங்கிட்டே பதினாலு வருஷம் டிரைவரா இருந்தவன், இப்போ பிரயாணியா பின்னாடி உட்கார்ந்திருப்பான். கண்ணாடியில பார்ப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான்.

— உன் மேல கோபமா?

— எதுக்குக் கோபம்? கால் போன மனுஷன், தகுவாவுல போட்ட காசும் போச்சு. உலகத்து மேலயே கோபம்.

— அந்தக் காசு அவர் காலுக்குக் கிடைச்ச காசு. அதை நினைச்சாத்தான் என்னால தாங்க முடியலை.

— தெரியும். இன்சூரன்ஸ்காரன்கிட்டே நான்தானே கூட அலைஞ்சேன். ஜாக்கி நழுவி வண்டி அவன் முழங்கால்ல உட்கார்ந்தப்போ தூக்கினது நான். ஆஸ்பத்திரி வாசல்ல சட்டை பூரா ரத்தத்தோட நின்னது நான். என் மூத்தவனுக்கு ஞானத்தகப்பன் அவன். எனக்கு வலிக்காதுன்னு நினைக்கிறியா?

— அப்படி சொல்லலைண்ணே. உனக்கும் வலி, உனக்கும் நஷ்டம். ரெண்டாவது பஸ் வாங்க சேர்த்ததை எல்லாம் தகுவாவுலதானே போட்டிருந்தே. நீ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. சீல் வெச்ச அன்னிக்கு அம்மா வீட்டுல வெச்சு எல்லாரும் என்னைக் கேட்டாங்க. மச்சான் கேட்டார், பெரியம்மா கேட்டாங்க. நீ மட்டும் சூப்பைக் குடிச்சுட்டு எழுந்து போனே. நீ என்னைத் திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

— போனது போச்சு. அதை விடு.

— விட முடியலை. நான் அதைப் பார்த்தேன்ண்ணே. மார்ச்சுலயே பார்த்தேன். எட்டு மாசமா உங்கிட்டே சொல்லாம வெச்சிருக்கேன்.

— நிமியா, இங்க வேண்டாம்.

— இங்கதான் சொல்லணும். வேற எங்க போய் சொல்றது? என் வேலை என்ன? எல்லா முதலீட்டு நிறுவனமும் அனுப்பற கணக்கைப் பார்க்கறது. எங்க ஓட்டை விழுதுன்னு ஜனங்களுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது. ஒரு சோயா கம்பெனி கடன்பத்திரம் போட்டிருந்தது. அதுக்கு வட்டி மாசக் கடைசியில வரணும். தகுவா தன்னோட ஆளுங்களுக்கு அதை பத்து நாள் முன்னாடியே கொடுத்திருந்தது.

— நல்லதுதானே? முன்னாடியே கொடுத்தா யார் கோவிச்சுக்குவா?

— கம்பெனி இன்னும் கொடுக்கலையேண்ணே. வராத வட்டியை எங்கேருந்து எடுத்துக் கொடுத்தாங்க?

— ஓ.

— புதுசா வந்து போட்டவங்க காசுலேருந்து. அப்புறம் தோண்டத் தோண்ட, ஒரே பத்திரத்தை மூணு பேருக்கு வித்திருக்காங்க. நீ ஒரே சீட்டுக்கு மூணு டிக்கெட் கிழிக்கற மாதிரி. மூணு பேரும் ஒரே நேரத்துல உட்கார வராத வரைக்கும் யாருக்கும் தெரியாது.

— காலை ஏழு மணி வண்டியில நான் அதைத்தான் பண்றேன்.

— சிரிக்காதேண்ணே.

— சிரிக்கலை. பழக்கம், வாயில தானா வருது. சொல்லு. மார்ச்சுல பார்த்தே, செப்டம்பர்லதானே பூட்டினீங்க. அதைத்தான் ஜனங்க கேட்கறாங்க. முன்பல் போனவளும் அதைத்தான் கேட்கறா.

— சந்தேகத்தை வெச்சுப் பூட்ட முடியாது. நான் இயக்குநர்கிட்டே எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் கொண்டா, தப்பாப் போனா நம்ம மேல வழக்கு வரும், நல்ல கம்பெனியையும் சேர்த்துக் கொன்னதாயிடும்னார். அதுவும் நியாயம்தான். அதுக்கு நடுவுல விஷயம் வெளியே கசிஞ்சா என்ன ஆகும்? தலைநகரத்துல, அசுன்சியோன்ல இருக்கறவன் காலையில போய் எடுத்துட்டு வந்துடுவான். வக்கீல் வெச்சிருக்கறவன், முதலாளிக்குப் போன் போடத் தெரிஞ்சவன் எடுத்துடுவான். கிறிஸ்பின் மாதிரி ஆளுங்க போய்ச் சேரும்போது பெட்டி காலி. இருக்கறது கொஞ்சமோ நஞ்சமோ, அது எல்லாருக்கும் ஒரே அளவா போகணும்னா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அதனாலதான் வாயை மூடினோம். எங்க பிரிவுல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். எனக்கும் பிளாசிதாவுக்கும்.

— பிளாசிதா? உன் பக்கத்து மேஜைக்காரியா? அம்மா பிறந்தநாளுக்கு கேக் கொண்டாந்தாளே.

— அவதான்.

— அப்போ எல்லாம் ஒழுங்காத்தானே நடந்திருக்கு. பின்னே எதுக்கு நீ மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?

— ஒழுங்கா நடக்கலை. கசிஞ்சுடுச்சு. ஈஸ்டருக்கும் செப்டம்பருக்கும் நடுவுல சில பேர் தகுவாவுலேருந்து நைசா வெளியே போயிருக்காங்க. சாதாரண ஆளுங்க. காரணமே இல்லாம, முதிர்வுத் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே. அதை இப்போ ஒரு தனிக் குழு விசாரிக்குது.

— எத்தனை பேர்?

— எனக்குத் தெரியாது. பேர்களை எனக்குக் காட்ட மாட்டாங்க. என் அண்ணன் அங்க வாடிக்கையாளர்னு ஆரம்பத்துலயே நானே எழுதிக் கொடுத்துட்டேன். அதனால என்னைத் தள்ளி வெச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரு ஆள்தான். பிளாசிதாவோட கொழுந்தன். ஜூன்ல எடுத்திருக்கான்.

— அப்போ அவதான்.

— இல்லைங்கறா. கொழுந்தன் வீடு கட்ட எடுத்தான், நான் அவன்கூடப் பேசியே ரெண்டு வருஷம் ஆச்சுங்கறா. குழு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்னு. பிளாசிதாவுக்குன்னு சொன்னேன். உண்மை அதுதானே. மறுநாள் காலையில அவ மேஜை காலி. செடித் தொட்டியைக் கூட எடுத்துக்க விடலை. அடையாள அட்டையைப் பிடுங்கிட்டாங்க. படியில இறங்கறப்போ என்னைப் பார்த்து, "நிமியா, நீ நம்பறியா"ன்னு கேட்டா.

— நீ என்ன சொன்னே?

— எனக்குத் தெரியலைன்னு சொன்னேன்.

— ம்.

— இருபத்தோரு வருஷம் பக்கத்துல உட்கார்ந்தவ அண்ணே. தெரியலைன்னுட்டேன்.

— அவளுக்கு என்ன ஆகும்?

— வேலை போகும். ஓய்வூதியம் போகும். வழக்கு வேற. தெரிஞ்ச விஷயத்தை வெச்சு வித்தவனுக்கும் தண்டனை உண்டு, சொன்னவளுக்கும் உண்டு. ஜெயில் கூட.

— வித்தவனுக்குமா?

— வித்தவனுக்கும்தான். ஏன்?

— சும்மா கேட்டேன். கேளு, ஒருத்தன்கிட்டே யாருமே எதுவும் சொல்லலைன்னு வெச்சுக்கோ. அவனா யூகிச்சான். அப்போ?

— யூகிச்சா எப்படி யூகிச்சான்னு கேட்பாங்க.

— மழை வரும்னு நான் மோந்து பார்த்துச் சொல்லுவேன். அதுக்கு யாரைப் பிடிப்பே, மேகத்தையா?

— அண்ணே.

— என்ன?

— டம்ளரைக் கீழே வை. சட்டையில ஊத்திக்கறே.

— வயசாச்சு.

— நீ எப்போ எடுத்தே?

— என்னத்தை?

— தகுவாவுலேருந்து. எப்போ எடுத்தே?

— மெதுவா பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

— எப்போ?

— ஏப்ரல் கடைசியில.

— கடவுளே.

— நீ ஒண்ணும் சொல்லலை. அதை முதல்ல தெளிவா வெச்சுக்குவோம். நீ வாயையே திறக்கலை. எந்த நீதிபதி முன்னாடியும் நான் சத்தியம் பண்ணுவேன்.

— அப்புறம் எப்படிண்ணே?

— ஈஸ்டருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா? அம்மா வீட்டுப் பின்கட்டுல நான் கறி சுட்டுக்கிட்டிருந்தேன். நீ மரவள்ளிக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தே. நான் எப்பவும் உன்னைச் சீண்டுவேனே, எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, எதுல போடலாம்னு. எப்பவும் நீ சிரிப்பே. "என்னைக் கேக்காதே, உன் தரகனைக் கேளு"ன்னுட்டு கரித்துண்டை எடுத்து என் மேல எறிவே. ஒரு தடவை இல்லை, வருஷக்கணக்கா. அன்னிக்கும் கேட்டேன். மூணு நாலு கம்பெனி பேர் சொன்னேன். சிரிச்சே. அப்புறம் தகுவான்னேன்.

— நான் என்ன பண்ணேன்?

— ஒண்ணும் பண்ணலை. அதான் விஷயம். சிரிக்கலை. கிழங்கைக் கீழே வெச்சுட்டு, "அண்ணே, உன் ரத்தக் கொதிப்பு மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா"ன்னு கேட்டே. எனக்கு உள்ளங்கால் சில்லுனு ஆயிடுச்சு.

— நான் பேச்சை மாத்தறதா நினைச்சேன்.

— உன்னை நான் தொட்டில்லேருந்து பார்க்கறேன் நிமியா. நீ பொய் சொல்ல மாட்டே, அது எனக்குத் தெரியும். பொய் சொல்ல முடியாதப்போ மாத்திரையைப் பத்திக் கேட்பே. அப்பா சாகக் கிடந்தப்போ டாக்டர்கிட்டே பேசிட்டு வெளியே வந்து அம்மாகிட்டே, "சாப்பிட்டியா"ன்னு கேட்டியே. அதே குரல். மறுநாள் காலையிலயே முதல் டிரிப்பை ஆளை விட்டு ஓட்டச் சொல்லிட்டு தகுவாவுக்குப் போயிட்டேன்.

— எட்டு மாசம். எட்டு மாசமா நான் தூங்கலைண்ணே. உன்னை நினைச்சு. உன் ரெண்டாவது பஸ்ஸை நினைச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் அண்ணன் பிழைச்சிருப்பான், சொல்லாம கொன்னுட்டேனேன்னு. நீ பாட்டுக்கு சூப்பைக் குடிச்சுட்டு எழுந்து போனே.

— வேற என்ன பண்ணச் சொல்றே? எல்லாரும் வாயில அடிச்சுக்கிட்டிருக்கப்போ, நான் தப்பிச்சுட்டேன்னு கொடி ஏத்தவா?

— எங்கிட்டே சொல்லியிருக்கலாம்.

— சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? நேரா போய் எழுதிக் கொடுத்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?

— பிளாசிதா வீட்டுல உட்கார்ந்திருக்காண்ணே. அவ பொண்ணு கல்லூரியில படிக்குது. அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணிட்டு ஒண்ணும் பேசாம வெச்சிடுது.

— பிளாசிதா தப்பு பண்ணலைன்னா அவமேல ஒண்ணும் ஒட்டாது. தானா வெளியே வருவா. நடுவுல நீ போய் விழுந்தா ரெண்டு பேரும் போவீங்க. அதைப் பாரு. நீ சொல்லவே இல்லைன்னு யார் நம்புவா? உன் அண்ணன் வித்திருக்கான், நீதான் கணக்கு பார்த்தவ. சிரிக்கலை, அதனால வித்தேன்னு சொன்னா நீதிபதி சிரிப்பான். அம்மாவை நினைச்சுப் பாரு. எண்பத்து ரெண்டு வயசு.

— அம்மாவை இழுக்காதே.

— சரி, இழுக்கலை. என் பசங்களை நினைச்சுப் பாரு. நான் என்ன திருடினேனா? என் காசு. பதினேழு வருஷம் கியர் மாத்தி மாத்தி இந்தத் தோள்பட்டை போச்சு. அதுல சேர்த்த காசு. பயந்தேன், எடுத்தேன். நெருப்புன்னு பட்டா வீட்டை விட்டு ஓடாதவன் எவன்?

— ஓடறது தப்பில்லை. ஆனா நீ உன்னோடதை விட்டுட்டு ஓடலை, வித்துட்டு ஓடினே. வாங்கினது யாரு?

— எனக்கென்ன தெரியும்? தகுவாக்காரன் பார்த்துக்கிட்டான். அவன்கிட்டே ஆயிரம் பேர் வருவாங்க. சந்தைன்னா அதுதானே, நீயே சொல்லுவியே. விக்கறவனுக்கு வாங்கறவன் முகம் தெரியாது, வாங்கறவனுக்கு விக்கறவன் முகம் தெரியாது.

— யாரோ ஒருத்தர் தலையில விழுந்திருக்கு.

— என் தலையில விழாம யாரோ ஒருத்தன் தலையில விழுந்திருக்கு. அதுக்கு அழச் சொன்னா அழறேன். இதோ, இவனுக்கே அழுதுக்கிட்டுத்தானே இருக்கேன்.

— எப்படிண்ணே உன்னால இங்க வந்து உட்கார முடிஞ்சது? சவப்பெட்டியைத் தூக்கினதும் நீதான்னு சொன்னாங்க.

— முன்பக்கம். வலது தோள்ல. வேற யார் தூக்குவா? அவனுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

— திங்கக்கிழமை காலையில நான் குழுவுக்குப் போறேன்.

— நிமியா.

— நீயும் வரணும். நான் சொல்லித் தெரியறதை விட நீயா வந்து சொன்னா நல்லது. அந்த ஞாயித்துக்கிழமையை அப்படியே சொல்லு. கறி, கிழங்கு, மாத்திரை, எல்லாத்தையும். சிரிச்சா சிரிக்கட்டும்.

— உன் வேலை போயிடும்.

— போகட்டும். போகலாம். தெரியலை. என் முகத்தைக் கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவ எதுக்கு அந்த நாற்காலியில உட்காரணும்?

— என்னை உள்ளே போட்டா பஸ்ஸை யார் ஓட்டுவா?

— உள்ளே போட மாட்டாங்க. தானா வந்தவனை அப்படிப் பண்ண மாட்டாங்க. அபராதம் போடுவாங்க, எடுத்த காசைத் திருப்பிக் கேட்பாங்க. அது பொதுவுல சேரும். கிறிஸ்பின் வீட்டுக்கும் அதுல ஒரு பங்கு வரும். சத்துர்னீனாவுக்கு. அதை நினைச்சுப் பாரு.

— ம்.

— பஸ்ஸை வித்துடுவியா?

— அந்தக் காசுல யாருக்கும் சொல்லாம வாங்கினது ஒரு பழைய வண்டிதான். பாதி விலைக்குப் போகும். சரி, நான் யோசிக்கிறேன்.

— யோசிக்காதே. வா.

— வந்தா நீ எனக்காகப் பேசுவியா?

— பேசுவேன். அதையும் சொல்றேன். என் அண்ணன் யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கலை. பயந்தான். குடும்பஸ்தன், முகம் தெரியாத சந்தையில தன்னோடதை வித்தான், யார் கையில போகும்னு அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவன் தப்பு. இதை நான் அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அது உண்மைதானே?

— உண்மைதான்.

— அப்போ பயப்படாதே. அந்தத் தெரெரேயைக் கொடு. கொஞ்சம் குடிக்கிறேன்.

— இரு, ஐஸ் கரைஞ்சுடுச்சு. ஜெபம் முடிஞ்சுடுச்சு போல. எல்லாரும் வெளியே வர்றாங்க. சத்துர்னீனா வர்றா பாரு, தட்டோட. கண்ணைத் துடைச்சுக்கோ.

— ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க? உள்ளே தேடினேன். நிமியா கண்ணு, சிப்பா ரொட்டி எடுத்துக்கோ. இன்னிக்குச் சுட்டது. சீஸ் கொஞ்சம் கம்மி, மன்னிச்சுக்கோ.

— வேண்டாம் சத்துர்னீனா, நீங்க உட்காருங்க முதல்ல. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க.

— உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன் கண்ணு. என்ன முகம் இது, அண்ணன் தங்கச்சிக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?

— ஒண்ணும் இல்லை. வெயில். நீ போய் மத்தவங்களைக் கவனி சத்துர்னீனா, நான் இவளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன்.

— இருங்க எலிகியோ, எப்பவும் அவசரம் உங்களுக்கு. நிமியா, நீ உள்ளே வரலைன்னு சொன்னாங்க. அவளுங்க பேசறதை மனசுல வெச்சுக்காதே. என் வீட்டுல உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். கடைசி வரைக்கும் கிறிஸ்பின் உன்னைக் குத்தம் சொல்லலை. உங்கண்ணனையும் சொல்லலை.

— எங்கண்ணனையா? அவரை எதுக்குக் குத்தம் சொல்லணும்?

— சத்துர்னீனா, உள்ளே உன்னைக் கூப்பிடறாங்க.

— கூப்பிடட்டும். அந்தப் பத்திரம் விஷயம்தான் கண்ணு. ஈஸ்டர் முடிஞ்சதும் எலிகியோ பேர்ல இருந்ததை எங்க பேருக்கு மாத்திக் கொடுத்தாரே, தனக்குன்னு வெச்சிருந்ததை. பெட்டியில சும்மா கிடக்கற காசுக்கு மாசாமாசம் வட்டி வரும், கால் இல்லாதவனுக்கு அதுதான் கால்னு நல்ல மனசோடதான் கொடுத்தாரு. இப்படி ஆகும்னு அவரு கண்டாரா?

— நிமியா, நான் சொல்றதைக் கேளு. கேளு. காசு உடனே கைக்கு வரணும்னா நீயே ஒரு ஆளைக் கொண்டான்னுட்டான் தகுவாக்காரன்.

— நீ பேசாதேண்ணே. சத்துர்னீனா, நீங்க சொல்லுங்க. கிறிஸ்பின் உடனே சம்மதிச்சாரா?

— எங்க சம்மதிச்சாரு? ரொம்பப் பயந்தாரு கண்ணு, அந்தக் காசைத் தொடவே மாட்டேன்னாரு. அப்புறம் உங்கண்ணன் இங்க வந்து அவர் தோள்ல கை போட்டு, "தகுவாவை ராத்திரி பகலா பார்த்துக்கிறது என் தங்கச்சி, அங்க ஏதாவது கோளாறுன்னா முதல்ல எனக்குத்தான் தெரியும்"னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் அவரு கையெழுத்துப் போட்டாரு.